எக்ஸ்ரே சரி என்கிறார்கள், வலி மட்டும் போகவில்லையே?

கேள்வி: எனக்கு 66 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய தேய்மான வலி போய், இப்போது வேறு மாதிரி வலி. படி இறங்கினால் முன்பக்கம் பிடிக்கிறது, ராத்திரி எரிகிறது, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். வீட்டிலும் யாரும் நம்பவில்லை. தினமும் வலி மாத்திரையில்தான் ஓடுகிறது. சுகர், பி.பி. இரண்டும் உண்டு. மறுபடி ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?
- வாசகி, தேனி

பதில்: அம்மா, உங்கள் வலி நிஜமானது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் 100க்கு 10 முதல் 20 பேர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் வலியோடு இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லவேண்டிய இந்த விஷயத்தைப் பல இடங்களில் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும், நரம்பும் தசையும் தெரியாது. அதனால் "எக்ஸ்ரே சரி" என்பதோடு விஷயம் முடிந்துவிடாது.

முதலில் பார்க்க வேண்டியது கிருமித் தொற்று. காய்ச்சலே இல்லாமல், உள்ளுக்குள் மெதுவாகப் புகைகிற தொற்றும் உண்டு, சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தால் அதை விலக்கியே ஆகவேண்டும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகள் செய்து, சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து சோதிப்பார்கள். அதற்கு முன் யார் சொன்னாலும் ஆன்டிபயாடிக் போடாதீர்கள், போட்டால் கிருமி இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். (காய்ச்சல், திடீர் வீக்கம், தழும்பில் நீர் கசிவு, காலை ஊன்றவே முடியாமை, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.)

அப்புறம், உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது வலித்தால் பொருத்திய பாகம் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடக்கையில் முட்டி நழுவுகிற மாதிரி இருந்தால் தசைநார் பிடிப்பு போதவில்லை என்று அர்த்தமாகலாம். படி இறங்கும்போது முன்பக்கம் வலிப்பதற்கு முட்டிச் சில்லோ, தொடையின் முன்தசை பலமிழந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். இடுப்பு மூட்டையும் முதுகையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே இருக்கிற கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவது ரொம்ப சகஜம்.

மரத்துப்போனது பற்றிப் பயப்பட வேண்டாம். தோலை வெட்டும்போது அங்கே ஓடும் ஒரு சின்ன நரம்புக் கிளை அறுபடும், பலருக்கும் இப்படித்தான். ஆனால் எரிச்சல் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்குச் சாதாரண வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது. பிரீகாபலின், டுலோக்ஸெடின் போன்ற வேறு மருந்துகள் உண்டு, டாக்டர் பார்த்துத்தான் தரவேண்டும், ஏனென்றால் தூக்கமும் தள்ளாட்டமும் வரும், ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது விழுந்துவிடக்கூடாது. சுகரும் பி.பி.யும் இருக்கிற உங்களுக்குத் தினமும் டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை கிட்னிக்கு ஆபத்து. என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் காட்டி, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

மறு ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். தொற்று, தளர்வு என்று திட்டவட்டமான காரணம் கிடைத்தால் செய்யலாம். காரணமே தெரியாமல் "திறந்து பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அப்படிச் செய்தவர்களில் பலருக்கு வலி அப்படியே இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் இன்னொரு எலும்பு மருத்துவரிடமும் கேளுங்கள். காரணம் கிடைக்காவிட்டாலும் வலிக்குச் சிகிச்சை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் செய்யவேண்டியது, நின்றுபோன பிசியோதெரபியை மறுபடி தொடங்குவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, கொஞ்ச நேரம் பிடித்து, மெதுவாக இறக்குங்கள், தொடைத் தசை தேற மாதங்கள் ஆகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில், கைப்பிடியை விடாதீர்கள். ஒரே நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் முழுக்கப் படுக்காமல், கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வலி எப்போது, எங்கே, என்ன செய்யும்போது வருகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மகனையோ மருமகளையோ கூட அழைத்துப்போங்கள். நீங்கள் சொன்னால் நம்பாதவர்கள், டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்கள்.