வாட்ச்சை விடுங்கள், காலைப் பாருங்கள்

கேள்வி: வயது 36. பதினைந்து வருடமாக தினமும் பத்து சிகரெட். புதிதாக வாங்கிய ஸ்மார்ட்வாட்ச் தோல் வழியாக ஸ்ட்ரெஸ்ஸை அளக்கிறது. சிகரெட் பிடித்ததும் அளவு எகிறுகிறது. இது நரம்புத் தளர்ச்சி என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கை வியர்க்கிறது, விரல்கள் சில்லிடுகின்றன. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. மெடிக்கலில் நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். என் நரம்புகள் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை. வியர்வைச் சுரப்பிகளை இயக்குவது பரிவு நரம்புகள், அதாவது பதற்றத்தின்போது உடலை உசுப்பிவிடும் நரம்புகள். நிகோட்டின் அவற்றைத் தூண்டுகிறது, அட்ரினலினையும் சுரக்க வைக்கிறது. தோலில் ஈரம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். வாட்ச் அளப்பது அதைத்தான். அந்த நரம்புகள் பழுதாகியிருந்தால் வியர்வை குறைந்து அளவு இறங்கியிருக்கும். வெயிலில் நடந்தாலும், யாரிடமாவது கோபப்பட்டாலும் இதே அளவு ஏறும். உள்ளங்கை வியர்வையை விட்டுத்தள்ளுங்கள். நரம்புத் தளர்ச்சி என்பது லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களின் நோய், எங்கள் பாடப்புத்தகத்தில் கிடையாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கால் வலிதான் எனக்குக் கவலை. நடந்தால் பிடிப்பதும் நின்றால் விடுவதும் கால் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம். 45 வயதுக்குள் புகைப்பவர்களுக்கு வரும் பர்ஜர் நோயில் கை, கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். விரல் சில்லிடுவதும் அதோடு சேர்ந்ததாக இருக்கலாம். இந்த வாரமே ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுவார், கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வரும் விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று சந்தேகிப்போம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படும். இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, கால்விரல் கறுத்தாலோ, ஆறாத புண் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நரம்பு மாத்திரையை நிறுத்துங்கள். அவற்றில் பலவற்றில் வைட்டமின் பி6 இருக்கும், அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

அப்புறம் சிகரெட். பர்ஜர் நோய் என்றால் தினம் ஒன்று, இரண்டு என்று குறைப்பதில் பயனில்லை, அடியோடு விட வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை தருவார்கள். நிகோட்டின் சூயிங்கத்தை மட்டும் நீங்களாக வாங்கி மெல்லாதீர்கள். அந்த நிகோட்டினும் இந்த நோயைத் தூண்டக்கூடும் என்பதால், கால் பரிசோதனை முடிந்த பிறகு அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.