இருமினால் கசிகிறது, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தாங்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 52, ஆசிரியை. இரண்டும் சுகப்பிரசவம். தும்மினாலோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிகிறது. பள்ளி நாட்களில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். நாப்கின் வைத்தும் புடவை நனைகிறது. ஆபரேஷன்தான் வழியா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: ஆபரேஷன் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள். குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கல் வந்து முக்கத் தொடங்கினால் அந்தப் பையைத் தாங்கும் தசை இன்னும் தளரும். போதாக்குறைக்கு நீர்க்கடுப்பும் சேரும். சென்னை வெயிலுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டராவது வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போனால் அளவு சரி. (இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன கணக்கைத் தாண்ட வேண்டாம்.)

இடுப்பெலும்புக்கு அடியில் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தூளிபோலத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் இழுபடும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜென் குறையும்போது மேலும் தளரும். தும்மும் அழுத்தம் பையின் மேல் இறங்குகையில் கீழே பிடிமானம் போதாமல் கசிகிறது. அந்தப் பிடியைப் பயிற்சியால் பெரும்பாலும் மீட்கலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலப் பின்பக்கத்தைச் சுருக்கி, சிறுநீரை நிறுத்துவதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. சுத்தமான விரலை யோனிக்குள் வைத்துப் பார்த்தால், விரலைக் கவ்வி மேலே இழுப்பது தெரிய வேண்டும். விரல் வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று பொருள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்; மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் கசிவு கூடத்தான் செய்யும். 5 நொடி பிடித்து, 5 நொடி முழுசாகத் தளர்த்துங்கள். இப்படி 8 முறை. பிறகு சட்சட்டென்று 8 முறை. தினம் மூன்று வேளை. பிடிக்கும் நேரத்தைப் போகப் போக 10 நொடியாக்கலாம். பழகியபின் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

தும்மல் வருவது தெரிந்த கணமே இறுக்குங்கள். குடத்தைத் தூக்கும் முன்னும் இறுக்கி, மூச்சை விட்டபடி தூக்குங்கள். பலன் தெரிய 3 மாதம் ஆகும். 3 வாரத்தில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

நாப்கின் மெதுவாக வரும் மாதவிடாய் ரத்தத்துக்கென்று செய்தது. ஒரேயடியாக வரும் சிறுநீரை உறிஞ்சுவதற்குள் அது ஓரத்தில் வழிந்துவிடும். மருந்துக் கடையில் சிறுநீர்க் கசிவுக்கான பேட் என்றே கேளுங்கள். 3 மாதத்திலும் மாற்றமில்லை என்றாலோ, அடியில் ஏதோ இறங்குவதுபோல் இருந்தாலோ, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற இடத்தில் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். யோனிக்குள் தாங்குவளையம் பொருத்துவது முதல் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் நாடா வைக்கும் அறுவை சிகிச்சை வரை அதன் பிறகு பேசலாம்.

கேள்வி: இருமினால் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுப் பூட்டில் சாவி போடும்போது, குழாய்ச் சத்தம் கேட்கும்போது அடக்கவே முடியவில்லை. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாதே என்று, கிளம்பும் முன் இரண்டு முறை போய்விட்டுத்தான் ஏறுகிறேன்.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: இது வேறு வகை. பை நிரம்பும் முன்பே சுருங்குகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று போய்வருவது, கொஞ்சத்துக்கே கூப்பிடும்படி பையைப் பழக்கிவிடும். 3 நாள் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி (பழைய அளவுக் குவளை ஒன்றை ஒதுக்குங்கள்), காபி எப்போது, கசிவு எப்போது. ஒரு தடவைக்கு 300 மில்லி வாக்கில் போனால் சாதாரணம். ஒவ்வொரு முறையும் 100தான் என்றால் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

மணிக்கொரு தரம் போகிறீர்களா? இந்த வாரம் ஒன்றேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை என்று கூட்டி 3 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அவசரம் வந்தால் ஓடாதீர்கள், ஓடினால்தான் கொட்டும். நின்ற இடத்திலேயே, முதல் பதிலில் சொன்னதுபோல் 5, 6 முறை சட்டென்று இறுக்குங்கள். 100லிருந்து ஏழேழாகக் கழித்து எண்ணுங்கள். அலை தணிந்தபின் நடந்து போங்கள். ஃபில்டர் காபியை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலிக்கும். டபராவைச் சின்னதாக்கிக் கொண்டே வாருங்கள். சர்க்கரையும் யூரின் டெஸ்ட்டும் அவசியம் பாருங்கள். சோலிஃபெனாசின், மிராபெக்ரான் என்று மாத்திரைகள் உண்டு. முதலாவது வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், மற்றதற்கு பி.பி.யைக் கவனிக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: வயது 61. சிறுநீர் கழித்து வேட்டியைச் சரிசெய்தபின் நாலு சொட்டு வருகிறது. புராஸ்டேட்டா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்க் குழாயின் வளைவில் தேங்கியதுதான் பிறகு சொட்டுகிறது. முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து, மேலும் முன்னுமாக மெல்ல அழுத்தித் தள்ளுங்கள். இரண்டு முறை போதும். ஆனால் தாரை மெலிந்தாலோ, முக்கித்தான் போகிறது என்றாலோ, ரத்தம் தெரிந்தாலோ சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள். வலித்தும் வராமல் அடைத்துக்கொண்டால் அன்றே அவசரப் பிரிவு.

கேள்வி: மாமியாருக்கு 78. பி.பி.க்கு, சிறுநீரை அதிகம் பிரிக்கும் தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறார். மாலையில் கால் வீங்குகிறது, இரவில் நான்கு முறை எழுகிறார். டயாபர் போட்டால் தொடை இடுக்கு புண்ணாகிறது, எண்ணெயும் பவுடரும் போட்டுப் பார்த்தாயிற்று.
– வாசகி, பெரம்பூர்

பதில்: பகலில் காலில் தேங்கும் நீர்தான் படுத்ததும் ரத்தத்தில் திரும்பி சிறுநீராகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணையில் உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மாத்திரையை எந்த வேளை கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். இரவு 7 மணிக்குமேல் தண்ணீரைக் குறைத்தால் போதும். கால்மிதியை எடுத்துவிட்டு, இரவு விளக்கு, கட்டிலருகே கமோட் நாற்காலி வையுங்கள். அவசரமாக ஓடி விழுந்து இடுப்பு முறிவதுதான் பெரிய பயம்.

டயாபரின் அளவை எடை பார்த்து வாங்காமல் இடுப்புச் சுற்றளவு பார்த்து வாங்குங்கள். நடப்பவருக்கு ஜட்டி மாதிரி மாட்டுவது, படுக்கையில் இருப்பவருக்கு ஒட்டும் வகை. தொடையோர மடிப்பு உள்ளே மடங்கிக் கிடந்தால் பக்கவாட்டில் கசியும். விரலால் வெளியே நீவிவிடுங்கள். எண்ணெய் தடவினால் டயாபர் உறிஞ்சாது, பவுடர் கட்டிகட்டும். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, ஜிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லிசாகத் தடவுங்கள். சிவப்புப் புண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து வேறு. கழற்றியதைச் சுருட்டி, காகிதத்தில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். மாமியார் இரண்டொரு நாளில் திடீரென்று அதிகம் நனைத்து, பேச்சும் குழம்பினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.