ராணுவ அதிகாரிகளின் தோளில் உலோக நட்சத்திரம் எதற்கு?

தோளில் மின்னும் நட்சத்திரம், சிங்க முத்திரை எல்லாம் பதவிச் சின்னங்கள். ஆளைத் தெரியாவிட்டாலும் உத்தரவு போடுகிறவர் யார் என்று பார்த்தவுடன் புரிய வேண்டும், அதற்குத்தான். நம் டெல்டாவில் விதைநெல் மூட்டையைப் பிரிக்காமலே, வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை, நீல அட்டை என்றால் சான்று விதை என்று சொல்லிவிடுவோமே, அதே கதைதான்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இவை ஒரு காலத்தில் காலரில் இருந்தன; 1880-இல் தோளுக்கு ஏறின. அவர்களுடைய கிரீடம் இருந்த இடத்தில் 1950-இல் நாம் அசோகச் சிங்கத்தை வைத்தோம். பளபளப்பு எதிரிக்குக் குறி காட்டிவிடும் என்பதால் போர்க்களத்தில் மங்கலான துணிச் சின்னம்தான். மெருகேற்றிய உலோகமெல்லாம் அணிவகுப்பு போன்ற இடங்களுக்குத்தான்.

அப்புறம், நட்சத்திரம் கூடக்கூடப் பதவியும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்: கேப்டனுக்கு மூன்று நட்சத்திரம், அவருக்கு மேலே உள்ள மேஜருக்கு ஒன்றுகூடக் கிடையாது, சிங்க முத்திரை மட்டும்தான்.