குரோமியம் கட்டற்ற மென்பொருள்தானே, பிறகு ஏன் அதில் கூகுள் சிங்க் வேலை செய்வதில்லை?

லினக்ஸில் குரோமியம் (கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூல உலாவி) போட்டிருக்கிறீர்கள், மூலநிரல் திறந்தே கிடக்கிறது, ஆனாலும் புக்மார்க்கும் கடவுச்சொல்லும் கூகுள் கணக்கோடு சிங்க் (ஒத்திசைவு) ஆகவில்லை என்கிறீர்கள். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை.

சிங்க் உலாவிக்குள் இருக்கும் வசதி மாதிரி தெரிந்தாலும், பாதி வேலை கூகுளின் சர்வரில்தான் நடக்கிறது, அங்கே நுழைய ஏபிஐ சாவி (கூகுள் சேவையைப் பயன்படுத்த ஒரு நிரலுக்குத் தரப்படும் அடையாளக் குறியீடு) வேண்டும். ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அந்தச் சாவியோடுதான் குரோமியத்தைத் தொகுத்துக் கொடுத்துவந்தன; 2021 மார்ச் 15 முதல், குரோம் தவிர்த்த உலாவிகளுக்கு இந்த வசதி கிடையாது என்று கூகுள் சொல்லிவிட்டது. உரிமம் மாறவில்லை, நிரலை யாரும் மூடவில்லை, வசதி மட்டும் போய்விட்டது! இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜிபிஎல் உரிமமும் இங்கே பெரிதாக உதவாது. மாற்றிய நிரலைப் பிறருக்கு விநியோகித்தால்தான் மூலத்தைத் தரவேண்டும், சர்வரில் ஓட்டிச் சேவையாக மட்டும் கொடுத்தால் தரவேண்டியதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2007 நவம்பரில், சர்வரில் ஓட்டினாலும் மூலத்தைத் தரச்சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது, கோப்புகளைச் சொந்தமாகச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் சர்வர் அந்த உரிமத்தில்தான் இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஃபயர்பாக்ஸுக்கு மாறலாம்: அதன் சிங்க் தரவு உங்கள் கணினியிலேயே குறியாக்கம் ஆன பிறகுதான் வெளியே போகிறது, சர்வர் நிரலும் திறந்ததே என்பதால் நீங்களே நிறுவிக்கொள்ளலாம். குரோமியம்தான் வேண்டுமென்றால் கடவுச்சொற்களைக் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் மேலாளரில் வையுங்கள், புக்மார்க்குகளை அவ்வப்போது எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.