கராஜ் கேள்வி-பதில்: எம்ஜிபிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 1967 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். இன்ஜினைத் திறக்காமல் அப்படியே சூப்பர்சார்ஜர் மாட்டலாமா? மாட்டினால் பவர் எவ்வளவு ஏறும்?

பதில்: மாட்டலாம் தம்பி. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் சக்தியிலேயே சுற்றி, கூடுதல் காற்றை அதற்குள் தள்ளும் பம்ப். பெல்ட், பிராக்கெட், மேனிஃபோல்ட், ஒற்றைக் கார்புரேட்டர் எல்லாம் சேர்ந்த கிட்டாகவே வருகிறது. ஆனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். நாலுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு. இரண்டில் எதுவானாலும் அதைச் சரிசெய்யாமல் சூப்பர்சார்ஜர் பற்றிப் பேசவே வேண்டாம். 1964 கடைசியில் ஐந்து பேரிங் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டை ஐந்து இடத்தில் தாங்குவது) வந்துவிட்டது, அந்த வகையில் உங்களுக்குக் கவலை இல்லை. அதற்கு முந்தைய மூன்று பேரிங் இன்ஜின் என்றால் நான் கை வைக்க மாட்டேன்.

பவர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும், அதனால் உங்கள் இன்ஜின் கிராங்க் ஒரு சுற்றுக்கு 1798-இல் பாதி, 899 சிசி காற்றை விழுங்குகிறது. ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் தன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 737 சிசி தள்ளும். புல்லி அதை கிராங்கைப் போல 1.8 மடங்கு வேகத்தில் சுற்றினால் 1,300 சிசிக்கு மேல் வருகிறது. 899 போக வேண்டிய இடத்தில் 1,300. கசிவு போக ஆறேழு பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தம், நிற்கும். பவர் மூன்றில் ஒரு பங்கு கூடினாலே நல்ல வேலை என்று நான் சொல்வேன். அதற்கு மேல் ஆசைப்பட்டு சின்ன புல்லி தேடாதீர்கள்.

சிக்கல் பவரில் இல்லை, சூட்டில் இருக்கிறது. ஈட்டன் மாதிரியான ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் அந்த அளவு அழுத்தினால் காற்றின் வெப்பம் சுமார் 60 டிகிரி ஏறிவிடும். அந்தச் சூடான காற்று, கலவையை 8.8-இல் ஒரு பங்காக நசுக்கும் (8.8 கம்ப்ரஷன்) சிலிண்டருக்குள் போகிறது. ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சம் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங்.

நான் முதன்முதலில் இந்த வேலை செய்த வண்டியில், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்புறம் ஒரு நீண்ட ஏற்றத்தில், நாலாவது கியரில், குறைந்த வேகத்திலிருந்து முழுக்க மிதித்தபோது தகரத்தில் ஆணி கொட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம். எக்ஸாஸ்ட் எங்கோ உரசுகிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால், நாலாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஊசி முனை அளவு வெள்ளிப் புள்ளிகள். அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் தூக்கிப் பிஸ்டனை உருவினேன். இரண்டு ரிங்குக்கு நடுவே இருக்கும் பட்டை பிறை வடிவில் உடைந்து கையோடு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த குட்டி ஸ்பிரிங்குகள் வயதாகித் தொய்ந்து, அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டியே விடும் அளவு) முழுவதும் சீக்கிரமே ஏறிக்கொண்டிருந்தது. சாதாரண இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும். பூஸ்ட் பொறுக்கவில்லை.

அதனால் டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் கவனியுங்கள். ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி டைமிங் பின்னுக்கு, அதாவது ஸ்பார்க் அவ்வளவு தாமதமாக, என்று ஆரம்பியுங்கள். மெல்ல ஓட்டும்போது ஸ்பார்க்கை இன்னும் முன்னுக்குத் தள்ளும் வாக்குவம் அட்வான்ஸ் குழாயை நான் கழற்றி அடைத்துவிடுவேன். மைலேஜ் கொஞ்சம் குறையும், பிஸ்டன் மிஞ்சும். கிடைப்பதில் ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போடுங்கள். கார்புரேட்டர் ஊசியை ரிச் பக்கமாக, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி, தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இன்டேக் துளை இரண்டுதான். 1-3-4-2 என்று வெடிப்பதால் மூன்று உறிஞ்சி முடிக்கும்போதே நாலு அதே துளையில் கை நீட்டும். இரண்டுக்கும் ஒன்றுக்கும் அதே கதை. நாலு பேருக்கும் ஒரே கலவை போய்ச் சேராது. ஒரு பிளக்கைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: சூடுதான் பிரச்சினை என்றால் நடுவில் காற்றைக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலர் வைத்துவிடலாமே?

பதில்: கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும் அமைப்பில் வேண்டவே வேண்டாம். அங்கே போவது வெறும் காற்று இல்லை, பெட்ரோல் கலந்த காற்று. கூலரின் குளிர்ந்த சுவரில் பெட்ரோல் படிந்து தேங்கும். ஒரு பேக்ஃபயர் (தீ பின்னோக்கிப் பாய்வது) வந்தால் உங்கள் கையில் இருப்பது பெட்ரோல் நிரம்பிய பட்டாசு. இந்த அமைப்பில் பெட்ரோலே ஆவியாகிக் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதோடு திருப்தி அடையுங்கள். மேனிஃபோல்டில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்டர்கூலர் கட்டாயம் வேண்டுமென்றால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போக வேண்டும். அது வேறு செலவு, வேறு வேலை.

கேள்வி: பழைய புளோவர் பென்ட்லி பந்தயக் காரில் சூப்பர்சார்ஜர் ரேடியேட்டருக்கு முன்னால் தொங்குகிறதே, ஏன்?

பதில்: கிராங்கின் முன் முனையிலிருந்து நேரடியாகச் சுற்றுகிறது, அதனால் அந்த இடம். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்தது. பந்தய வீரர் டிம் பர்கின் பிடிவாதமாக நின்று செய்யவைத்தது. கம்பெனியை நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வேகம் வேண்டுமா, இன்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. 1930 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பர்கின் அந்த வண்டியை இரண்டாவதாகக் கொண்டுவந்தார், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வருடம் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் புளோவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ்.