தன்னம்பிக்கை வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

நான் உளவியல் ஆலோசகர். "என்னால் முடியாது" என்ற எண்ணத்தோடு வரும் பெரியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், அதைத் தன்னம்பிக்கைக் குறை என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நீலவானம்: அலுவலகக் கூட்டத்தில் என்னால் வாயே திறக்க முடிவதில்லை மேடம். சொல்ல விஷயம் இருக்கும், தொண்டை வரை வந்து நின்றுவிடும். கொஞ்சம் தன்னம்பிக்கை வந்த பிறகு பேசலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பதில்: அப்படிக் காத்திருந்தால் அது வராது. "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் இருப்பதாக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதினார். நாமே செய்து பார்த்த அனுபவம், நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்தில் நம் உடம்பு இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவதுதான். பேசிப் பேசித்தான் அந்த நம்பிக்கை வரும். பயமும் கூடவே வரும், வரட்டும்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்னால் இடது பக்கத்தில், பேசினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். "சொதப்பிவிடுவேன்" என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. "இரண்டு பேர் சிரிப்பார்கள்" என்றால் முடியும். கூட்டம் முடிந்ததும் வலது பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். "மனதுக்குள் சிரித்திருப்பார்கள்" என்பதற்கு அங்கே இடமில்லை.

என்னிடம் வந்த ஒருவரின் நோட்டில், அவர் அனுமதியோடு, ஒரு பக்கம். இடது: "குரல் நடுங்கும். கணக்கு தப்பு என்று மேலாளர் சொல்வார். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்." வலது: "குரல் நடுங்கியது. மேலாளர் 'அந்த எண்ணை இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

கவனியுங்கள், முதல் வரி பலித்துவிட்டது. குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கிய குரலிலேயே வேலையும் நடந்தது. அவருக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

இன்னொன்று. எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்து, தலை நிமிராமல் வாசித்துவிட்டு வந்தால் பெருமை முழுக்கத் தாளுக்குப் போய்விடும். "எழுதிவைத்ததால் தப்பித்தேன்" என்று மனம் சொல்லும், பழைய எண்ணம் அப்படியே இருக்கும். அதனால் ஒரே ஒரு வாக்கியமாவது தாள் இல்லாமல் பேசுங்கள்.

சிகரம்தொடு: தன்னம்பிக்கையைச் சீக்கிரம் வளர்க்க ஐந்து வழிகள் சொல்லுங்கள்.

பதில்: மேலே ஒரு வழி இருக்கிறது. அதை முதலில் செய்யுங்கள்.

பாலைவனப்பூ: பதவி உயர்வு கிடைத்ததிலிருந்து நிம்மதி இல்லை அக்கா. ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன், ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. ராத்திரி பகலாகத் தயாரிக்கிறேன். இது நோயா?

பதில்: நோய் இல்லை. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978-ல் இந்த எண்ணத்தைப் பற்றி எழுதினார்கள். நன்றாகப் படித்து, உயர்ந்த இடத்தில் இருந்த பெண்களிடம்தான் முதலில் கண்டார்கள். ஆண்களுக்கும் உண்டு என்பது பின்னால் தெளிவானது.

உங்கள் கேள்வியிலேயே முடிச்சு இருக்கிறது. அளவுக்கு மீறித் தயாரிக்கிறீர்கள். வேலை நன்றாக முடிந்தால் "அவ்வளவு உழைத்ததால்தான்" என்கிறீர்கள், கொஞ்சம் பிசகினால் "பார், எனக்குத் தகுதி இல்லை" என்கிறீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் தீர்ப்பு ஒன்றுதான். ஆபத்தில்லாத ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுத்து, வழக்கத்தில் பாதி நேரம் மட்டும் தயாரித்துப் போங்கள். என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். தூக்கம் எத்தனை நாளாகக் கெட்டிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு வாரம் தாண்டியிருந்தால் மருத்துவர்.

தேடல்: தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளன்" என்று சொல்கிறேன். சொல்லச் சொல்ல மனசு இன்னும் சோர்ந்துபோகிறது. நான் தப்பாகச் செய்கிறேனா?

பதில்: நீங்கள் தப்பாகச் செய்யவில்லை. ஜோன் வுட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் இதையே சோதித்தார்கள். "நான் அன்புக்குரியவன்" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்மை தெரிந்தது. மதிப்புக் குறைவாக இருந்தவர்களுக்கு மனநிலை இன்னும் இறங்கியது. நம்பாத ஒன்றைச் சொன்னால் உள்ளுக்குள் மறுப்பு கிளம்பும், அந்த மறுப்புதான் உரக்கக் கேட்கும். நிறுத்திவிடுங்கள்.

உதயம்: இதை நான் ஏற்கமாட்டேன். வருஷக்கணக்காகச் சொல்கிறேன், என் வாழ்க்கையே மாறியது. ஆராய்ச்சி என்று சொல்லி நல்ல பழக்கத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பதில்: உங்களுக்குப் பலன் தருகிறது என்றால் தொடருங்கள், நான் தடுக்கவில்லை. சோர்ந்துபோகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது அதே மருந்தை இரட்டிப்பாகக் கொடுப்பதைத்தான் தடுக்கிறேன்.

உதயம்: எண்ணம் போல் வாழ்வு என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா? ஸ்டீல் என்பவரின் ஆய்வும் என் பக்கம்தானே?

பதில்: உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-ல் எழுதியது வேறு. தனக்கு முக்கியமான விழுமியத்தை, உதாரணமாகக் குடும்பத்தையோ நேர்மையையோ, நினைத்துப் பார்க்கிறவருக்கு மனம் நிலைப்படும் என்பது அதன் சாரம். "நான் வெற்றியாளன்" என்று சொல்லச் சொன்னவர் அல்ல அவர்.

எண்ணம் முக்கியம்தான். ஆனால் வெற்றியை மட்டும் இனிமையாகக் கற்பனை செய்பவர்களுக்கு முயலும் வேகம் குறைவதை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் ஆய்வுகளில் காட்டினார். அடைந்துவிட்ட மாதிரியே மனம் தளர்ந்துவிடுகிறது. விரும்புவதை நினைத்த கையோடு, குறுக்கே நிற்கும் தடை என்ன என்றும் நினையுங்கள் என்கிறார். தடை தெரிந்தால் "இது வந்தால் இதைச் செய்வேன்" என்று முடிவெடுத்து வைக்கலாம்.

மௌனராகம்: அப்படியென்றால் எனக்கு நானே எதுவுமே சொல்லிக்கொள்ளக் கூடாதா?

பதில்: சொல்லுங்கள், நம்பக்கூடியதைச் சொல்லுங்கள். "போன தடவையும் பயந்தேன், ஆனாலும் முடித்தேன்." இதை மறுக்க உள்ளே யாரும் இல்லை.

உதயம்: நீங்கள் நம்பிக்கையையே குலைக்கிறீர்கள்.

பதில்: இல்லை. இரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு, "சொன்னால் பலிக்கும் என்றார்களே, எனக்கு அதுகூட வரவில்லையே" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெண்புறா: தன்னம்பிக்கை உடனே வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: மறுபடியும் இதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள்.

எண்கள்: பிளஸ் டூ படிக்கிறேன் அக்கா. கணக்கு எனக்கு வராது என்று எட்டாவதிலேயே தெரிந்துவிட்டது. மனப்பான்மையை மாற்றினால் மார்க் வருமா?

பதில்: கொஞ்சம் உதவும் தம்பி. "திறமை வளரும்" என்ற கருத்தை அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி. மதிப்பெண்ணில் பின்தங்கியவர்களுக்குச் சராசரி சுமார் 0.1 புள்ளி ஏறியது. நான்கு புள்ளி அளவுகோலில் அது சின்ன ஏற்றம். உண்மையான ஏற்றமும்கூட.

மீதியைக் கணக்கு போட்டுத்தான் ஏற்ற வேண்டும். "கணக்கு வராது" என்பது ரொம்பப் பெரிய வாக்கியம். எங்கே நிற்கிறது? பின்னமா, சமன்பாடா, இல்லை கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதா? எட்டாவதில் விட்ட ஒரு பாடத்தை இன்றும் சுமந்துகொண்டிருக்கலாம். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஆசிரியரிடம் காட்டு. வெட்கப்படாதே.

பயணி: பேட்டிக்கு முன்னால் கையை இடுப்பில் வைத்து நிமிர்ந்து நின்றால் தைரிய ஹார்மோன் ஏறுமாமே?

பதில்: 2010-ல் ஓர் ஆய்வில் அப்படிச் சொன்னார்கள். 2015-ல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் வரவில்லை.

விடியல்: மூன்று நாள் ஆளுமைப் பயிற்சிக்குக் கடன் வாங்கிச் சேரலாமா? இன்றே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் "இன்றே" என்று அவசரப்படுத்துகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். அரங்கில் ஏறும் உற்சாகம் வீட்டுக்கு வந்ததும் வடிந்துவிடும், கடன் மட்டும் நிற்கும். அந்தப் பணத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரைச் சில தடவை பார்க்கலாம்.

பழையகதவு: "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தேன். நாற்பது வயதாகிறது, அவரும் இல்லை. குரல் மட்டும் போகவில்லை. இனிமேல் மாற முடியுமா?

பதில்: முடியும். உளவியலாளர்கள் செலிக்மேனும் மேயரும் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், தப்பிக்க வழியில்லாத துன்பம் தொடர்ந்தால் உயிர்கள் முயற்சியையே விட்டுவிடுவதைக் கண்டார்கள். அதை 'கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம்' என்றார்கள். 2016-ல் அவர்களே அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, "என் செயலுக்குப் பலன் உண்டு" என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். அப்படிப் பார்த்தால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காத ஒன்று பாக்கி இருக்கிறது.

அப்பாவின் குரலோடு வாதாட வேண்டாம். அது பேசட்டும். அது "முடியாது" என்று சொல்லும் ஒரு சின்ன வேலையை இந்த வாரம் செய்யுங்கள், நடந்ததை எழுதுங்கள். இத்தனை வருஷ வலியைத் தனியாகச் சுமக்கவும் வேண்டாம், ஓர் ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள்.

பூந்தளிர்: என் மகளுக்கு ஐந்து வயது. இந்தச் சந்தேகமெல்லாம் வராமல் அவளை எப்படி வளர்ப்பது?

பதில்: குழந்தை வளர்ப்பு என் துறை இல்லை. குழந்தைகள் உளவியலாளரிடம் கேளுங்கள், நான் அரைகுறையாகச் சொல்வதைவிட அது நல்லது.