குறைந்த காசில் முதல் மவுண்டன் பைக்: எதை எடுப்பது?

‘ஹார்ட்டெயில்’ எடுங்கள். முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) உள்ள, பின்பக்கம் அசையாத சைக்கிள் அது. கொழும்பு டாம் வீதிச் சைக்கிள் கடையில் அதே விலைக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்தது நின்றால் கண் அங்கேதான் போகும். ஆனால் அது பத்துப் பேருக்கு வைத்த குழம்பைத் தண்ணீர் விட்டு முப்பது பேருக்கு நீட்டியது போல. பின் ஸ்பிரிங்குக்குப் போன காசு பிரேக்கிலும் சில்லிலும் குறைந்திருக்கும், பாரமும் கூடும்.

வாங்குமுன் முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை அமுக்கிப் பாருங்கள். ஃபோர்க் (முன் சில்லைப் பிடித்திருக்கும் கவை) இலகுவாக இறங்கி, ‘டக்’ சத்தமில்லாமல் எழும்ப வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் அலுமினியமாக இருக்கட்டும். இரும்பு ரிம் மழையில் வழுக்கும், கொழும்பு உப்புக் காற்றில் துருவும் பிடிக்கும்.

21 கியர் என்றால் திறமான சைக்கிள் என்று பலர் நம்புகிறார்கள். அது முன் 3, பின் 7 பல்சக்கரங்களின் பெருக்கல்தான், அதிலும் பல கிட்டத்தட்ட ஒரே இழுவை.